ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜ் தகராறு செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

எச்பி 678, 680, 803. கேனன் பிஜி-745, சிஎல்-746, பிஜி-47, சிஎல்-57. நம் ஊர் வீடுகளில் அதிகம் பார்க்கும் சின்ன பிரிண்டர்களில் இருப்பவை இவைதான். இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு: மையைத் தாளில் தெளிக்கும் ஹெட், பிரிண்டரில் இல்லை, கார்ட்ரிட்ஜின் அடியிலேயே ஒட்டியிருக்கிறது. அந்தச் செம்பு நிறப் பட்டையும் சின்னத் தகடும்தான் விலை. உள்ளே பஞ்சில் ஊறியிருக்கும் மை சில மில்லிதான். மை தீர்ந்ததும் கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட்டால், இன்னும் உயிரோடு இருக்கும் ஹெட்டையும் சேர்த்துப் போடுகிறோம். ரீஃபிலில் மிச்சமாகும் காசு எல்லாம் அந்த ஹெட்டை எத்தனை நாள் உயிரோடு வைத்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது. கீழே சொல்லும் வைத்தியம் எல்லாம் அதற்காகத்தான்.

எப்சன் கார்ட்ரிட்ஜ்களுக்கு இது பொருந்தாது. அதில் ஹெட் பிரிண்டருக்குள் இருக்கும், கார்ட்ரிட்ஜ் வெறும் மைப்பெட்டி. இங்க் டேங்க் பிரிண்டர்காரர்களுக்கும் இந்தக் கவலை இல்லை.

எதற்கும் முன்பு: டிஷ்யூ சோதனை

எந்தக் கோளாறு வந்தாலும் உடனே ஊசியில் மையை ஏற்றாதீர்கள், கம்ப்யூட்டரில் 'கிளீனிங்' பட்டனையும் அழுத்தாதீர்கள். கார்ட்ரிட்ஜைக் கழற்றுங்கள். டிஷ்யூவை நான்காக மடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் லேசாக நனைத்து மேசையில் வையுங்கள். நாசில் தகடு, அதாவது மை வெளிவரும் நுண்துளைகள் உள்ள தகடு, கீழே இருக்கும்படி கார்ட்ரிட்ஜை அதன்மேல் நேராக வைத்து, ஐந்து நொடி அழுத்தி, நேராகவே தூக்குங்கள். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் வண்ணக் கார்ட்ரிட்ஜில் ஒரு வரிசையின் மை பக்கத்து வரிசைக்குள் போய்விடும்.

கருப்பு என்றால் டிஷ்யூவில் அடர்த்தியான ஒரு பட்டை விழ வேண்டும். வண்ணம் என்றால் நீலம், மெஜந்தா, மஞ்சள் என மூன்று பட்டைகள் தனித்தனியாக விழ வேண்டும். பட்டை முழுதாக விழுந்தால் மை வரத்தில் குறையில்லை, கோளாறு வேறு எங்கோ. பட்டையே இல்லை என்றால் அடைப்பு அல்லது காற்று. பாதிப் பட்டை என்றால் பாதி அடைப்பு. மூன்றும் கலந்து சேற்று நிறமாக விழுந்தால் மை கலந்துவிட்டது. கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் இந்த டிஷ்யூதான் சாட்சி.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: போர் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் உப்பு தங்கும். நாசில் துளைகள் தலைமுடியை விடச் சன்னமானவை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி வைத்தால் வருடக்கணக்கில் வரும்.

மை நிரப்பியாச்சு, ஆனால் வெள்ளைத் தாள்தான் வருகிறது

முதலில் நாசில் மேல் ஒட்டிய டேப்பை எடுத்தீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நிரப்பும்போது ஒழுகக் கூடாதென்று ஒட்டிவிட்டு மறப்பவர்கள் நிறைய.

டிஷ்யூவில் பட்டை முழுதாக விழுகிறது, தாளில் மட்டும் ஒன்றும் இல்லை என்றால், மின்தொடர்பைப் பாருங்கள். செம்பு நிறப் பட்டையில் இருக்கும் புள்ளிகளில் மைக்கறை படிந்திருக்கும். மொபைல் சர்வீஸ் கடைகளில் 'ஐபிஏ' என்று கேட்டால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கொடுப்பார்கள். மெல்லிய பருத்தித் துணியில் அதைத் தொட்டு அந்தப் புள்ளிகளை மட்டும் துடையுங்கள். பிரிண்டருக்குள் கார்ட்ரிட்ஜ் உட்காரும் இடத்தில் அதே மாதிரி முள்ளுகள் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதையும் துடையுங்கள். நாசில் தகட்டில் ஆல்கஹால் வேண்டாம், அதற்குத் தண்ணீர் போதும்.

டிஷ்யூவிலும் பட்டை இல்லை, ஆனால் கையில் எடுத்தால் கார்ட்ரிட்ஜ் கனமாக இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று. முதலாவது, நாசிலில் மை காய்ந்துவிட்டது. தட்டு ஒன்றில் கால் சென்டிமீட்டர் உயரத்துக்குக் கை பொறுக்கும் சூட்டில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, நாசில் மட்டும் நனையும்படி கார்ட்ரிட்ஜை இரண்டு மூன்று நிமிடம் நிறுத்துங்கள். தண்ணீரில் மை புகை மாதிரி இறங்கத் தொடங்கினால் அடைப்பு விடுகிறது என்று அர்த்தம். எடுத்து, டிஷ்யூவில் ஒற்றி, மின்புள்ளிகளை ஈரம் போகத் துடைத்துப் போடுங்கள். நீண்ட நாள் காய்ந்த கார்ட்ரிட்ஜ் என்றால் இதை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும்.

இரண்டாவது, பஞ்சுக்கும் நாசிலுக்கும் நடுவில் காற்றுக்குமிழி நிற்கிறது. மையை வேகமாக ஏற்றினால் இதுதான் நடக்கும். ஈர டிஷ்யூவை நாசிலுக்கு அடியில் கொடுத்து, நாசில் கீழ்நோக்க, ஒரு மணி நேரம் அப்படியே நிறுத்தி வையுங்கள். பல சமயம் தானாக இறங்கிவிடும். இறங்காவிட்டால் ரீஃபில் கிட்டுகளுடன் வரும் சக்‌ஷன் கிளிப் வேண்டும்: கார்ட்ரிட்ஜை அதில் மாட்டி, ரப்பர் வாயில் ஊசியில்லாத சிரிஞ்சைச் செருகி மெதுவாக இழுத்தால், முதலில் நுரையும் பிறகு மையும் வரும். மை தடையில்லாமல் வந்ததும் நிறுத்துங்கள். கார்ட்ரிட்ஜைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கையால் வீசிச் சுழற்றும் வைத்தியம் ஒன்றும் உலவுகிறது. வேலை செய்யும்தான், ஆனால் கவர் கிழிந்தால் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்தும், டிஷ்யூவில் நல்ல பட்டை விழுந்தும், தாளில் எதுவும் வரவில்லையென்றால் ஹெட் எரிந்துவிட்டது. இந்த வகை ஹெட்டில் ஒவ்வொரு நாசிலுக்கும் பின்னால் ஒரு குட்டி ஹீட்டர் இருக்கிறது. அது மைக்ரோ நொடிக் கணக்கில் சூடேறி, மையில் ஆவிக்குமிழியை உண்டாக்க, குமிழி ஒரு சொட்டு மையை வெளியே தள்ளுகிறது. கேனனில் இந்த யோசனை 1977-இல் பிறந்ததே ஒரு சிரிஞ்சால்தான்: சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாக மை நிரம்பிய ஊசி முனையில் பட, மை பீச்சியடித்தது. சூட்டைத் தணிப்பதும் அந்த மைதான். மை இல்லாமல் ஹீட்டர் ஓடினால் கருகிவிடும். கருகியதற்கு வைத்தியம் கிடையாது.

எனவே முழுக்கத் தீர்ந்த பிறகு நிரப்பாதீர்கள். எழுத்து முதல்முறை மங்கும்போதே நிறுத்திவிட வேண்டும். 'இன்னும் நாலு பக்கம்தானே' என்று ஓட்டுவதில்தான் பெரும்பாலான கார்ட்ரிட்ஜ்கள் சாகின்றன.

நடுநடுவே வெள்ளைக்கோடு

பிள்ளைகளின் ப்ராஜெக்ட் படத்தில் வானத்தின் குறுக்கே சீப்பு வாரியதுபோல் கோடுகள். சில நாசில்கள் அடைத்திருக்கின்றன. இதற்கு மட்டும் பிரிண்டரின் கிளீனிங் உதவும், ஆனால் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். இரண்டுக்கும் போகாவிட்டால் பிரிண்டரை அணைத்துவிட்டு ஒரு இரவு விட்டு மறுநாள் பாருங்கள். பஞ்சிலிருந்து மை இறங்கி, சின்னக் குமிழிகள் கரைந்து, பாதிக்கோடுகள் போயிருக்கும். அப்படியும் இருந்தால் மேலே சொன்ன வெந்நீர் வைத்தியம்.

கிளீனிங்கை ஏன் இத்தனை தடவை தடுக்கிறேன் என்றால், ஒவ்வொரு முறையும் மை உறிஞ்சப்பட்டுப் பிரிண்டரின் அடியில் இருக்கும் கழிவுப் பஞ்சுக்குப் போகிறது. நாம் நிரப்பிய நாலு மில்லியில் ஒரு நல்ல பங்கு அப்படியே வீண். போதாததற்கு அந்தப் பஞ்சு நிரம்பும்போது பிரிண்டர் வேலைநிறுத்தம் செய்யும். கேனனின் சின்னத் திரையில் முதலில் இ (E), 0, 8 என்று மாறி மாறி மினுங்கும். முழுதாக நிரம்பினால் பி (P), 0, 7. பின்னது வந்தால் சர்வீஸுக்குத்தான் போக வேண்டும்.

கோடு வெள்ளையாக இல்லாமல், எழுத்தின் ஓரம் இரட்டித்தோ நேர்க்கோடு படிக்கட்டுபோல் உடைந்தோ வந்தால் அது மைப் பிரச்சினை இல்லை. பிரிண்டரின் அலைன்மென்ட், அதாவது ஹெட்டை நேர்ப்படுத்தும் வசதியை, ஓட்டுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால், கார்ட்ரிட்ஜ் ஓடும் பாதைக்குப் பின்னால் இடமிருந்து வலமாக ஒரு கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் நாடா தெரியும்; அதில் மைச்சொட்டு விழுந்திருக்கும். கார்ட்ரிட்ஜ் எங்கே நிற்கிறது என்பதைப் பிரிண்டர் அந்த நாடாவில் இருக்கும் நுண்கோடுகளைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறது. ஈரத்துணியால் பூப்போல ஒற்றித் துடையுங்கள். கழன்றுவிட்டால் மாட்டுவது பெரும்பாடு.

சோதனைக்கு ஆங்கில எழுத்துகளை விடத் தமிழ் நல்லது. ஒன்பது பாயின்ட் எழுத்தளவில் ஒரு பத்தி தமிழ், அதற்குக் கீழே மூன்று வண்ணக் கட்டங்கள் என்று ஒரு கோப்பைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு நாசில் அடைத்தாலே மெய்யெழுத்தின் புள்ளி மங்கும் அல்லது காணாமல் போகும். 'பக்கம்' என்பது 'பககம' ஆகிவிடும். ஆங்கிலத்தில் அந்த அளவுக் குறை கண்ணுக்கே தெரியாது.

நிறம் தப்பாக வருகிறது

இதைத் தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம். வாழையிலை மஞ்சளாக வருகிறதா, நீலம் வரவில்லை. இலை நீலமாக வருகிறதா, மஞ்சள் வரவில்லை. கூடவே குங்குமச் சிவப்பும் ரோஸ் ஆகியிருக்கும். சிவப்பு மஞ்சளாகவும் கத்தரிப்பூ நிறம் வெறும் நீலமாகவும் வந்தால் மெஜந்தா போச்சு. எந்த வண்ணம் வரவில்லையோ அந்த அறைக்கு மட்டும் மை கொடுத்தால் போதும். மூன்றிலும் ஊற்றத் தேவையில்லை.

மை ஊற்றும் துளைகள் கார்ட்ரிட்ஜின் மேல் லேபிளுக்கு அடியில் இருக்கும். எந்தத் துளை எந்த நிறம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். வீடியோவில் பார்த்ததை நம்பி ஊற்றாதீர்கள், அவர் வைத்திருப்பது வேறு மாடலாக இருக்கலாம். ஒவ்வொரு துளையிலும் ஒரு பல்குத்தும் குச்சியை விட்டு எடுத்து, வெள்ளைத் தாளில் தொட்டுப் பார்த்தால் நிறம் தெரிந்துவிடும். ஒரு குச்சி ஒரு துளைக்குத்தான். சிரிஞ்சும் அப்படியே, நிறத்துக்கு ஒன்று.

டிஷ்யூவில் பட்டைகள் கலந்து விழுந்தால் பெரும்பாலும் அளவுக்கு மீறி நிரப்பியதுதான் காரணம். நாசில் தகட்டில் வழிந்த மை ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். புதுப்புது டிஷ்யூவாக, மூன்று பட்டையும் பிரிந்து தெரியும்வரை ஒற்றிக்கொண்டே இருங்கள். பத்துப் பன்னிரண்டு ஒற்றில் தெளிந்தால் பிழைத்தது. தெளியாமல் மஞ்சள் பட்டை பச்சையாகவே விழுந்துகொண்டிருந்தால் பஞ்சுக்குள்ளேயே நீலம் இறங்கிவிட்டது. மஞ்சள் அறையை ஊசியால் உறிஞ்சி மறுபடி நிரப்பலாம். என்னைக் கேட்டால் அந்த உழைப்புக்கு அது தகாது. கருப்பு ஒழுங்காக இருந்தால் அதை மட்டும் வைத்து ஓட்டுங்கள். 803 போடும் எச்பி பிரிண்டர்களில் வண்ணக் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டே கருப்பில் பிரிண்ட் எடுக்கலாம். கேனனில் கழற்றக் கூடாது; கம்ப்யூட்டரில் பிரிண்டரின் அமைப்பில் (டிரைவர்) கருப்பு மட்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒழுகுகிறது, தாளில் கறை

கையில் ஒட்டிய மை இரண்டு மூன்று நாளில் போய்விடும், தரையில் விழுந்தது போகாது. எனவே செய்தித்தாள் விரித்து வேலை செய்யுங்கள்.

ஒழுகலுக்குக் காரணம் இரண்டு. ஒன்று அதிகமாக ஊற்றியது. 803 மாதிரிச் சின்னக் கார்ட்ரிட்ஜில் கருப்புக்கு 3 முதல் 4 மில்லி, வண்ணத்தில் அறைக்கு 1 முதல் 1.5 மில்லிக்கு மேல் வேண்டாம். ஊசியைப் பஞ்சுக்குள் பாதி ஆழம் இறக்கி, ஒரு மில்லிக்கு ஒரு நிமிடம் என்ற நிதானத்தில் அழுத்துங்கள். அடிவரை குத்தினால் அங்கே இருக்கும் வடிகட்டி வலை கிழியும். துளை வாயில் மை மினுமினுவென்று தெரிந்தால் நிரம்பிவிட்டது. கொஞ்சம் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, நாசிலை டிஷ்யூமேல் பத்து நிமிடம் வைத்து மீதியை இறங்க விடுங்கள்.

இன்னொன்று காற்றுவழி. மேல் லேபிளைப் பிரித்தால் துளைகளோடு, மூடியில் நெளிந்து ஓடும் மயிரிழைப் பள்ளமும் பல மாடல்களில் தெரியும். காற்று அந்தப் பள்ளம் வழியாக மெதுவாகத்தான் உள்ளே போக வேண்டும். துளைகளை அப்படியே திறந்து விட்டால் மை கசியும், சித்திரை வெயிலில் சீக்கிரம் காயவும் காயும். எனவே லேபிளைக் கிழிக்காமல் உரித்து, அதையே திரும்ப ஒட்டுங்கள்.

இரண்டு பக்கம் நன்றாக வருகிறது, மூன்றாவதில் மங்குகிறது

இது மேலே சொன்னதற்கு நேர் எதிர். லேபிள் கிழிந்துபோய், செல்லோ டேப்பை இழுத்து மூடி முழுக்க ஒட்டியிருப்பீர்கள். காற்று புக வழியில்லாமல் உள்ளே வெற்றிடம் உருவாகி, மை இறங்க மறுக்கிறது. டேப்பில் அந்தந்தத் துளைக்கு நேரே குண்டூசியால் ஒரு குத்து குத்துங்கள். அரை மணி நேரம் விட்டுப் பிரிண்ட் கொடுங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்தது.

'மை இல்லை' என்கிறது பிரிண்டர்

நிரப்பியது அதற்குத் தெரியாது. இந்தக் கார்ட்ரிட்ஜ்களில் மையை அளக்கும் கருவி கிடையாது. இத்தனை சொட்டு தெளித்தாயிற்று என்று எண்ணிக் கழிக்கும் கணக்குதான். எனவே 'தீர்ந்தது' என்ற அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் ஓகே கொடுத்து ஓட்டலாம். எச்பியில் 'பயன்படுத்தப்பட்ட அல்லது போலி கார்ட்ரிட்ஜ்' என்று மிரட்டல் வந்தாலும் அப்படித்தான். கேனனில் இ, 1, 3 அல்லது இ, 1, 6 மினுங்கினால் ஸ்டாப் பட்டனை 5 நொடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். அதன்பிறகு அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு மை அளவு காட்டுவதை அது நிறுத்திவிடும். எச்சரிக்கை இனி வராது என்பதால், மங்குவதைக் கண்ணால் பார்த்து நிறுத்தும் பொறுப்பு உங்களுடையது.

இ, 0, 4 அல்லது இ, 0, 5 என்றால் கார்ட்ரிட்ஜே அடையாளம் தெரியவில்லை என்று பொருள். மின்புள்ளிகளைத் துடைத்து, சொடக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டிப் பாருங்கள்.

எச்பியில் வரும் இன்னொரு செய்தியை மட்டும் ஓகே கொடுத்துக் கடக்க முடியாது: கார்ட்ரிட்ஜ் வேறொரு பிரிண்டருக்குப் பூட்டப்பட்டது என்பது. கார்ட்ரிட்ஜ் பாதுகாப்பு என்ற அமைப்பு இயங்கும் பிரிண்டரில் ஒருமுறை போட்டால், அது நிரந்தரமாக அந்தப் பிரிண்டரோடு பிணைந்துவிடும். தெரிந்தவரிடம் காலிக் கார்ட்ரிட்ஜ் வாங்கி நிரப்ப நினைப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தண்ணீர் பட்டால் கருப்பு எழுத்து கரைகிறது

ஹால் டிக்கெட்டை மழையில் எடுத்துப்போனால் பெயரே இருக்காது. நீங்கள் ஊற்றியது டை மை, அதாவது தண்ணீரில் கரையும் சாய வகை. மேலே சொன்ன எச்பி, கேனன் கருப்புக் கார்ட்ரிட்ஜ்களில் கம்பெனி ஊற்றுவது பிக்மென்ட் மை, அதாவது துகள் வகை. அது தாளின் மேல் தங்கும், எளிதில் கரையாது. வண்ணத்துக்குத்தான் டை. கடையில் 'கருப்பு கொடுங்க' என்று கேட்டால் பெரும்பாலும் டைதான் கிடைக்கும், விலையும் குறைவு. பாட்டிலில் பிக்மென்ட் என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டையும் ஒரே கார்ட்ரிட்ஜில் கலக்காதீர்கள், திரிந்து அடைத்துக்கொள்ளும். பிக்மென்ட்டை வண்ணக் கார்ட்ரிட்ஜில் ஊற்றினாலும் அடைப்புதான்.

எப்போது கைவிடுவது

நல்ல கார்ட்ரிட்ஜ் நாலைந்து முறை நிரப்பத் தாங்கும், பதமாக வைத்திருந்தால் அதற்கு மேலும். வெந்நீர் வைத்தியத்தை இரண்டு சுற்று செய்தும் டிஷ்யூவில் அதே இடத்தில் அதே இடைவெளி விழுந்தால் புதுசு வாங்கிவிடுங்கள். வாங்கும்போது நிறுவனம் சொல்லும் பக்கக் கணக்கைப் பாருங்கள்: 680 கருப்புக்கு சுமார் 480 பக்கம், அதன் வண்ணத்துக்கு சுமார் 150. எக்ஸ்எல் கிடைக்கும் மாடல் என்றால் முதல்முறை அதை வாங்குங்கள். பஞ்சில் இடம் அதிகம், அடுத்த ரீஃபிலில் அதிக மை கொள்ளும்.

வாரம் ஒரு பக்கமாவது வண்ணத்தில் எடுக்கிற வீட்டுக்குத்தான் இது லாபம். மாதம் இரண்டு ஆதார் நகலுக்காக ஊசியோடு மல்லுக்கட்டுவதற்குத் தெருமுனை ஜெராக்ஸ் கடை மேல். தினமும் பத்து இருபது பக்கம் போகிறதென்றால் இங்க் டேங்க் பிரிண்டரோ, கருப்பு மட்டும் போதுமென்றால் லேசரோ வாங்குங்கள்.

மை வாங்கும்போது 100 மில்லி பாட்டில் போதும். கருப்புக்கு நாலு மில்லி என்று வைத்தாலும் 25 தடவை வரும். லிட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் நீங்கள் தீர்ப்பதற்குள் அடியில் தங்கிவிடும். பாட்டிலை வெயில் படாமல், மூடியை இறுக்கி, நிமிர்த்தி வையுங்கள். சிரிஞ்சை டிஸ்டில்டு வாட்டரில் அலசி, ஊசிக்கு மூடி போட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.